ஸ்டாப் காட்டிய கை

"யார்ரா நீ? பாஸ் எங்க?"

போன மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வார்டில், என்னை இப்படி மடக்கியவர் வாசல் செக்யூரிட்டி இல்லை. என் அப்பா.

நான் சிரித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது மகனைப் பார்த்துப் பெற்ற தகப்பன் பாஸ் கேட்டால், முதலில் சிரிப்புதானே வரும்? "நைனா, நான்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பாஸ் இல்லாம எப்டிடா உள்ள வந்த? கேட்ல எவனும் கேக்கலியா? மேல லோடு தொங்குது... அப்பால போ! அப்பால போடா!"

கத்திக்கொண்டே, கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். வெள்ளைப் போர்வையெல்லாம் ரத்தம். நர்ஸ் ஓடி வந்தார். பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். ஐந்தே நிமிடம்... அப்பாவின் இரண்டு கைகளையும் காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். வலது கையைக் கட்டும்போது அமுக்கிப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் வாய்க்கொழுப்பு தெரியும். கார்ப்பரேஷன் குழாயிலிருந்து கல்யாண வீட்டு ரசம் வரை எதையும் விட்டதில்லை. இந்த வாரம் நக்கல் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. எழுபத்தொன்பது வயது. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வளர்ந்து, ஹார்பரில் சிக்னல்மேனாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

அதென்ன வேலை என்கிறீர்களா? அந்தக் காலத்தில் கப்பலின் அடிவயிற்றிலிருந்து சரக்கைத் தூக்க விஞ்ச் இருக்கும். அதை ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. சிக்னல்மேன்தான் மேல்தளத்தின் விளிம்பில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கையால் சொல்ல வேண்டும். தூக்கு. இறக்கு. மெதுவா. நிறுத்து. அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா கையாலேயே பேசினார். அதற்குள் அந்த இரைச்சல் அவர் காதைப் பாதி தின்றுவிட்டது.

ஆக, அப்பாவுக்கு இரண்டு காதிலும் மிஷின். கேடராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகும் சோடா புட்டி கண்ணாடி. மேல்வரிசையில் பல் செட். இதெல்லாம் மாட்டிக்கொண்டால் ராஜா. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை சொல்லிவிடுவார்.

அந்த ராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார். "நடக்கவே தள்ளாடுது, இன்னாத்துக்கு வஞ்சிரம்?" என்று அம்மா கேட்டதற்கு, "வஞ்சிரம் வாங்க கண்ணு போதும், காலு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் தண்ணியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் நல்லது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, நிதானமான குரல். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, குடிப்பாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஞாபக மறதி ஏதாவது? வழி தவறிப் போனது, பேரு குழம்பினது... இந்த மாதிரி?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பெர்ஃபெக்ட் டாக்டர். என்னைவிட ஷார்ப்."

பச்சைப் பொய். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால், திருவொற்றியூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர், எண்ணூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாகப் போய்வருகிற வீடு. யாரோ புண்ணியவான் அவர் பாக்கெட்டில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்தார். நான் போய் ஆட்டோவில் அழைத்து வந்தேன். "வெளிய மூச்சு வுடாத, தெருவே சிரிக்கும்" என்றாள் அம்மா. நானும் விடவில்லை.

எங்கள் தெருவில் கால் உடைந்தால் பால் பாக்கெட்டோடு பார்க்க வருவார்கள். ஹார்ட் அட்டாக் வந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். மூளையில் ஏதோ என்று தெரிந்தால் மட்டும் 'மறை கழண்டுபோச்சு' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். செத்தாலும் போகாது. அப்பாவுக்கு அந்தப் பட்டம் வரக்கூடாது என்றுதான் டாக்டரிடமே மறைத்தேன். டாக்டர் என்ன எங்கள் தெருவிலா குடியிருக்கிறார்? எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

அடுத்தது அம்மாவின் முறை. தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் சொன்னார்: "பல் செட், கண்ணாடி, காது மிஷின் எல்லாம் கழட்டிக் குடுங்கம்மா."

அம்மா கழற்றினாள். கர்ச்சீப்பில் முடிந்தாள். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். ஏன் என்றால்... எங்கள் பெரியப்பாவின் பல் செட் ஒரு ஆஸ்பத்திரியில் காணாமல் போன கதையை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். ஆஸ்பத்திரியில் கழற்றின பொருள் வீடு வந்து சேராது என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சிட்டேன்டா" என்றாள். நானும் "சபாஷ்" என்றேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஸ்டீல் வைத்து, ஆணி அடித்து, எக்ஸ்ரே காட்டி, எலும்பு டாக்டர் கைகுலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை அப்பா இரண்டு வாய் கஞ்சி குடித்தார். அன்று சாயங்காலம்தான் ஆரம்பித்தது. போர்வையின் நூலைப் பிய்த்தார். சுவரைப் பார்த்துப் பேசினார். கையை அந்தரத்தில் தூக்கித் தூக்கிக் காட்டினார். "எந்தக் கப்பலு இது?" என்று கேட்டார். மருந்து மயக்கம், தெளிந்துவிடும் என்று நினைத்தோம்.

தெளியவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்றாம் நாள் மத்தியானம் என்னிடம் பாஸ் கேட்டார். அதைத்தான் முதலில் சொன்னேன்.

அதைவிடப் பெரிய அடி அதற்கப்புறம் விழுந்தது.

கையைக் கட்டிய பிறகு அம்மா கஞ்சி டம்ளரோடு கிட்டே போனாள். "இன்னாங்க... ஒரு வாய் குடிங்க" என்றாள். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"யாரும்மா நீ? எம் பொண்டாட்டி வூட்ல கீறா. அவ வந்தா உன்ன சும்மா வுட மாட்டா. எட்டப் போ."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அழவில்லை. அப்படியே பின்னால் நடந்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அம்பத்தஞ்சு வருசம்டா" என்றாள். "நான் யாருன்னே தெர்யாம போய்டுவாரு போல கீதுடா."

நான் உள்ளே போய், அவள் வைத்துவிட்டு வந்த கஞ்சி டம்ளரை எடுத்து வந்தேன்.

அதற்குள் திருவொற்றியூர் அத்தை வந்துவிட்டார், அப்பாவின் தங்கை. கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றவர், வெளியே வந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அண்ணி, 'மாரி, மாரி'ன்னு கூப்டுகினு கீறாரு. கேட்டியா?"

மாரி அப்பாவோடு கப்பலில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

"செத்தவன் பேர சொல்ல ஆரம்பிச்சிட்டாருன்னா அவ்ளோதான். மாரி வந்து நிக்கிறான். கூட்டிகினுதான் போவான்" என்றார் அத்தை.

எங்கள் ஆட்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அத்தையின் போன் வேலை செய்ய ஆரம்பித்தது. முகம் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று எண்ணூர் வரைக்கும் செய்தி போனது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபாதரைக் கூட்டியாந்து எண்ணெ பூசிடலாம்டா" என்றாள். நோயாளி குணமாகவும்தான் அந்த எண்ணெய் என்று கோயிலில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் ஃபாதரின் ஸ்கூட்டர் ஒரு வீட்டு வாசலில் நின்றால், சாவு வீட்டுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் போனைக் கையில் எடுத்துவிடுவான்.

நான் ஃபாதருக்குப் போன் போடப் போன நேரத்தில்தான் அந்த மயக்க மருந்து டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார்.

முதலில் கட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "யார் கட்டச் சொன்னது? அவிழ்த்துவிடுங்க சிஸ்டர். கட்டினா இன்னும் மோசமாகும்" என்றார். அவரே ஒரு பக்கம் அவிழ்த்தார். அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, கையைப் பிடித்து, "ஐயா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு" என்றார். அப்பா அவர் வாயையே பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது.

பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார்.

"இது பைத்தியம் இல்ல. சாகிற அறிகுறின்னும் முடிவு பண்ணாதீங்க. இதுக்கு டெலிரியம்னு பேரு. வயசானவங்களுக்கு, அதுவும் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவங்களுக்கு, நிறையப் பேருக்கு வரும். திடீர்னு வரும். கொஞ்ச நேரம் தெளிவா இருப்பாங்க, கொஞ்ச நேரம் வேற உலகத்துல இருப்பாங்க. சாயங்காலம் ஆனா அதிகமாகும். அலட்சியமா விட்டா ஆபத்து. காரணத்தைக் கண்டுபிடிச்சா பெரும்பாலும் சரியாகும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உப்பு குறைஞ்சிருக்கா, கிருமி இருக்கா, வலி இருக்கா, மலச்சிக்கல் இருக்கா... எல்லாம் பார்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். "ஆமா, அவர் கண்ணாடி போடுவாரே. எங்கே?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"பீரோல கீதுமா" என்றாள் அம்மா.

"காது மிஷின்?"

"அதுவும் பீரோலதான்... பத்திரமா."

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். "அம்மா, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கண்ணு முழிக்கிறார். இடம் தெரியல. எதிர்ல இருக்கிறது மங்கலா நிழல் மாதிரி தெரியுது. யாரோ வாயை வாயை அசைக்கிறாங்க, சத்தம் இல்ல. இடுப்புல உயிர்போற வலி. அந்த நிழல் கிட்ட வந்து ஊசி குத்துது, கையைக் கட்டுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு மட்டும் இந்தப் படித்தவன் புத்தி போகவில்லை. கூகுளில் நாலு பக்கம் மேய்ந்திருந்தேன். "ஏன் டாக்டர், இதையெல்லாம் முன்கூட்டியே ரத்தத்துல கண்டுபிடிக்க பயோமார்க்கர் இருக்காமே? ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?" என்றேன். உங்கள் ஆஸ்பத்திரிதான் கோட்டைவிட்டது என்கிற தொனி அதில் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஆபரேஷன் என்றால் உடம்புக்குள் ஒரு தீ மூளுகிறது. காயத்தை ஆற்றக் கிளம்பும் தீ. அதன் புகை மாதிரி சில புரதங்கள் ரத்தத்தில் ஏறும். சிலருக்கு அந்தப் புகை மூளை வரைக்கும் போய்க் கலக்குகிறது. நரம்பு இழை அடிபட்டால் அதிலிருந்து கசிகிற புரதமும் ரத்தத்தில் தென்படும். மறதி நோய் வெளியே தெரியும் முன்பே முதுகுத் தண்டு நீரில் அதன் அடையாளம் இருக்கும். மூளையின் மின் அலைகள்கூட வேகம் குறையும். இதையெல்லாம் உலகம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"ஆனா சார், காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி, இதுக்கு இதுதான்னு நம்பி வார்டுல செய்யற ஒரு டெஸ்ட் இன்னும் வரல" என்றார். "இப்போதைக்கு எங்களுக்குக் கிடைக்கிற நல்ல மார்க்கர், வீட்டுக்காரங்க சொல்ற உண்மைதான். முன்னாடியே மறதி இருந்தவங்களுக்கு இது வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அதான் அன்னைக்கு உங்களைக் கேட்டேன்."

என்னைக் கேட்டார். ஊசி வேண்டாம், லேப் வேண்டாம். நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

எண்ணூர் பஸ் ஸ்டாண்ட் கதையை அந்த வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வராம இருந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் மணி நேரத்துல இருந்தே இதை எதிர்பார்த்துக் கவனிச்சிருப்போம். கண்ணாடியைக் கண்ணுலயும் மிஷினைக் காதுலயும் மாட்டித்தான் எழுப்பியிருப்போம். யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருந்திருப்பீங்க. போய் முதல்ல அதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

அம்மா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். நான் பைக்கை எடுத்தேன். நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, எப்போதும் பத்து நிமிடத்தில் போகிற தூரம் அன்றைக்கு அரை மணி நேரம். ஹாரன் அடித்து, திட்டி, திட்டு வாங்கி... பீரோவைத் திறந்தால், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கர்ச்சீப் முடிச்சு. காது மிஷினை ஆஃப் செய்யாமலே வைத்திருந்தாள். மூன்று நாளாக அது புடவைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. பேட்டரி காலி.

கண்ணாடியும் பல் செட்டுமாக ஓடினேன். பேட்டரி மறுநாள்தான் வரும் என்றுவிட்டார் கடைக்காரர்.

நான் திரும்பி வந்தபோது கட்டிலருகில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தார். எத்திராஜ் மாமா. கொருக்குப்பேட்டைக்காரர். அப்பா சிக்னல் காட்டிய கப்பல்களில் முக்கால்வாசிக்கு விஞ்ச் ஓட்டியவர். அத்தையின் போனைக் கேட்டு, கடைசியாக ஒருதரம் முகம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பாவம், அவருக்கே எழுபத்தாறு வயசு.

அவர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அப்பாவின் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டு அவிழ்த்த வலது கை அந்தரத்தில் நின்றது. உள்ளங்கை முன்னால், விரல்கள் விறைப்பாக. கை தளர்ந்து விழும். மறுபடி தூக்குவார். மறுபடி விழும்.

"எத்தினி நாளா இப்டி கைய காட்டிகினு கீறான்?" என்றார் மாமா.

"முந்தாநாள் சாயந்தரத்துலேர்ந்து. ட்ரிப்ஸ் ஒயர இழுக்குறாருன்னு கட்டி வெச்சாங்க மாமா."

"கட்டி வெச்சாங்களா?" மாமாவின் குரல் உயர்ந்தது. "டேய் அறிவு கெட்டவனே, அது ஸ்டாப்புடா! லோடு எறங்கிகினு கீது, அடியில மாரி நிக்கிறான். இவன் நிறுத்து நிறுத்துன்னு சிக்னலு குடுத்துகினு கீறான். எவனும் நிறுத்தல. கைய வேற கட்டிட்டீங்களா?"

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா விடவில்லை.

"மெய்யாலுமே நடந்ததும்மா இது. சிமெண்டு மூட்ட லோடு. மாரி கால் மாட்டிகினு அடியில குந்திட்டான். எனுக்கு இன்னா தெரியும்? இவன் கைதான் தெரியும். இவன் ஸ்டாப்பு காட்னான், நான் நிறுத்துனேன். மாரி தலைக்கும் லோடுக்கும் ஒரு சாண் கூட இல்ல. அப்பால எத்தினி வருசம் இருந்தான் மாரி! பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் போனான்."

மாரி அப்பாவைக் கூட்டிப்போக வரவில்லை. அப்பாதான் மூன்று நாளாக மாரியைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார்.

இது ஹார்பர்காரன் பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சின்ன வயசில் அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே அந்தக் கையைக் காட்டினால், அம்மா அடுத்த கரண்டி சோறு போட மாட்டாள். ஆயிரம் தடவை பார்த்த கை. அதைத்தான் நான் அமுக்கிப் பிடித்து, கட்டக் கொடுத்தேன்.

மாமா கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி அப்பாவுக்கு மாட்டிவிட்டார். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அப்பாவின் கண்ணுக்கு நேராக நின்றார். கூன் விழுந்த முதுகை நிமிர்த்திக்கொண்டார். விஞ்ச் லீவரைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் முன்னால் வைத்தார்.

அப்பா ஸ்டாப் காட்டினார்.

மாமா லீவரை இழுத்து நிறுத்தினார். நிறுத்தி, தலையை ஒருமுறை ஆட்டினார்.

அப்பா அவரையே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மேலே தூக்கி மெதுவாகச் சுற்றினார். மாமா மெதுவாக லோடைத் தூக்கினார். அப்பா கையைப் பக்கவாட்டில் அசைத்தார். மாமா நகர்த்தினார். விரல் கீழ்நோக்கிச் சுற்றியது. மாமா இறக்கினார். வார்டே வேடிக்கை பார்த்தது. எழுபத்தாறு வயசுக் கிழவர் ஒருவர் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, இல்லாத கப்பலிலிருந்து இல்லாத சிமெண்ட் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அப்பா கையைத் தாழ்த்தினார். "மாரி வந்துட்டானா?" என்றார்.

மாமா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்பா கண்ணை மூடினார். மூன்று நாளில் அன்றைக்குத்தான் தூங்கினார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமா சொன்னார்: "எங்க வேலைல ஒரு சட்டம் கீது நைனா. தூக்கு, எறக்கு எல்லாம் சிக்னல்மேன் சொன்னாத்தான் கேக்கணும். வேற எவன் சொன்னாலும் கண்டுக்கக் கூடாது. ஆனா ஸ்டாப்பு? அத்த எவன் காட்னாலும் நிறுத்தணும். கூலிக்காரன் காட்னாலும் நிறுத்தணும், குடிகாரன் காட்னாலும் நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு அப்பால கேட்டுக்கலாம்."

நாங்கள் யாருமே நிறுத்தவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எத்திராஜ் மாமா வந்து கையசைத்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்து பாட்டுப் பாடினார் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அப்படியெல்லாம் நடக்கவும் இல்லை. உடம்பில் உப்பு குறைந்திருந்தது, அதை ஏற்றினார்கள். வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுத்தார்கள். வயிறு இளகியது. காதுக்குப் பேட்டரி வந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டினேன். பகலில் உட்கார வைத்தோம், இரண்டு எட்டு நடக்க வைத்தோம். மாமா தினமும் கொருக்குப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். குழப்பம் வந்தது, போனது, மறுபடி வந்தது.

ஆறாம் நாள் காலையில் அம்மா வழக்கம்போல ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கிட்டே போனால் விரட்டுவாரோ என்ற பயம் அவளுக்குப் போகவே இல்லை. அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"லூர்து... இன்னா அங்க நின்னுகினு கீற? நாஸ்டா துன்னியா?"

என் ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அம்மா அவ்வளவு நேரம் அழுது நான் பார்த்ததில்லை. ஃபாதரும் அன்றைக்கு வந்தார். எண்ணெய் பூசினார். இந்த முறை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இது சொஸ்தமாவுறதுக்கு" என்று அத்தைக்குப் பாடம் எடுத்தாள்.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஆஸ்பத்திரி நாட்களைக் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார். ஒரே ஒரு தரம் மட்டும், மத்தியானச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "எவ்ளோ கை காட்டியும் எவனும் நிறுத்தலடா" என்றார்.

முழுசாகத் திரும்பி வந்துவிட்டாரா? இல்லை. உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பழையபடி இல்லை. டாக்டரம்மா எச்சரித்திருந்தார்: சிலருக்கு ஞாபகம் இதற்குப் பிறகு ஒரு படி இறங்கி, அங்கேயே நின்றுவிடும் அல்லது மேலும் இறங்கும் என்று. பேரன் பெயருக்கு என் பெயரைச் சொல்கிறார். வஞ்சிரத்தின் விலை மட்டும் சரியாகச் சொல்கிறார். தெருவில் கேட்கிறவர்களிடம், "ஆமா, மறதி இருக்கு, மருந்து சாப்பிடுறார்" என்று நானே சொல்கிறேன். ஊர் ஒன்றும் சிரித்துவிடவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், டாக்டர் கேட்கும் கேள்விக்கு அழகான பதில் சொல்லாதீர்கள். கண்ணாடியைக் கர்ச்சீப்பில் முடியாதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது காலையில் ஒரு கடமை இருக்கிறது. அப்பா கண் விழித்ததும் முகத்தைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, காது மிஷினைச் செருகுவாள். பிறகு மூன்று கேள்வி. இன்னைக்கு இன்னா கெழம? காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நாம எங்க கீறோம்? "வூட்ல." மூன்றாவது: நான் யாரு?

கட்டின பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். உள்ளங்கையைத் தூக்கி ஸ்டாப் காட்டுவார்.

ஸ்டாப் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும் என்பது ஹார்பர் சட்டம். அம்மா நிறுத்துவதில்லை. "பேர சொல்லுங்க" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சில நாள் உடனே சொல்வார். சில நாள்... கொஞ்ச நேரம் ஆகும்.

"லூர்து மேரி" என்பார்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.